மாலேக்குப் போகாத காகம்

காகத்துக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இருந்ததில்லை. நாங்கள் கடற்கரைக் கத்தோலிக்கர். மீன் கழுவும்போது வந்து மதிலில் உட்காரும், நான் 'சூ' என்பேன், போய்விடும். அவ்வளவுதான் எங்கள் உறவு. அப்படிப்பட்ட நான் இப்போது, எங்கள் தோணி கடலில் இருக்கும் நாளெல்லாம், கோயிலில் நடுப்பகல் மணி அடித்ததும் மொட்டை மாடியில் நின்று "கா, கா" என்று கத்திக்கொண்டிருக்கிறேன். அடுத்த வீட்டு மாடியில் துணி காயப் போடும் என் அக்காவுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது.

"ஏளா, நீ ஞானஸ்நானம் வாங்குனவதானா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"காக்காவும் ஆண்டவர் படைச்சதுதான். நீ துணியைக் காயப் போடு" என்றேன்.

எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு ஒரு மரத்தோணி உண்டு. பாயும் உண்டு, இஞ்சினும் உண்டு. தூத்துக்குடி பழைய துறைமுகத்திலிருந்து வெங்காயம், தக்காளி, முட்டைக்கோஸ், செங்கல், ஜல்லி என்று ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகும். மாலே துறைமுகத்தில் இறக்கிவிட்டுத் திரும்பும். என் வீட்டுக்காரர் போன பிறகு, "பொம்பளைக்கு எதுக்கு இந்தத் தொழில், வித்துரு" என்று யோசனை சொல்ல வந்தவர்களுக்கெல்லாம் ஒரு காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு நானே நடத்துகிறேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே நடத்துகிறேன்.

தென்மேற்குக் காற்று பலமாக அடிக்கும் மாதங்களில் தோணிகள் ஓடாது. அப்படிக் கட்டிப் போடுவதற்கு முந்தைய கடைசிப் பயணம் அது. தோணி மாலே போய்ச் சேர்ந்த அன்று தண்டல் போன் செய்தார். தோணியின் தலைவரைத் தண்டல் என்போம். எங்கள் தெருக்காரர்தான், எளிதில் பதறுகிற ஆள் இல்லை. அன்று பதறினார்.

"அக்கா, இங்கன ஒரு பொம்பளை அதிகாரி தோணியில ஏறி நிக்காவ. பாய்மரத்துல காக்கா இருக்குன்னு சொல்லுதாவ."

"இருந்தா இருக்கட்டும். அது என்ன சரக்கா?"

"காக்காவைக் கொண்டு வந்தது தப்பாம். உங்ககிட்ட பேசணுமாம்."

எனக்கு வந்ததே கோபம்! வெயிலில் தக்காளி வாடிக்கொண்டிருக்கிறது, இவர்கள் காகத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்த அதிகாரி போனை வாங்கினாள். சின்னப் பெண் குரல். திருவனந்தபுரத்தில் படித்தவளாம். ஆங்கிலமும் மலையாளமும் பேசினாள், மலையாளத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த கொஞ்சம் தமிழும் பேசினாள். அந்த நாட்டில் பறவை விலங்குகளைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை.

"காகத்துக்கு விசா எடுக்க மறந்துட்டோம்மா, மன்னிச்சுக்கோ" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "இது இரண்டாவது தடவை, ஆன்ட்டி. போன தடவையும் உங்கள் தோணியில்தான் பார்த்தேன். அடுத்த தடவையும் காகம் வந்தால், உங்கள் தோணியைத் துறைமுகத்துக்குள் விடக் கூடாது என்று நான் சொல்லிவிடுவேன். வருத்தமாக இருக்கிறது, ஆனால் சொல்லிவிடுவேன்" என்றாள்.

உள்ளே விடாவிட்டால் அவ்வளவு காய்கறியும் வெளிக்கடலிலேயே அழுகும். அப்புறம் யார் எங்களை நம்பிச் சரக்கு ஏற்றுவார்கள்? இருந்தாலும் வாய் அடங்கவில்லை. "ஒரு காக்காவால உங்க நாடு முங்கிப் போயிருமாக்கும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

சாயங்காலம் அவளிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு வீடியோ வந்தது. எழுத்து ஒன்றும் இல்லை. கடலுக்கு நடுவில் ஒரு சின்ன மணல் திட்டு. மரம் கிடையாது, செடி கிடையாது. வெறும் மணலில் ஆலா என்னும் கடற்பறவைகள் முட்டை வைத்து உட்கார்ந்திருந்தன. எங்கள் கடலில் ஆலா கூட்டமாக விழுந்து விழுந்து எழுந்தால் அங்கே மீன் இருக்கிறது என்று படகைத் திருப்புவோம். எங்களுக்கு அது வேண்டிய பறவை. அந்தத் திட்டில் ஒரு காகம், சொந்த வீட்டுக்குள் நடப்பது மாதிரி நடந்து வந்தது. ஓர் ஆலா எழுந்து கத்தியது. காகம் சட்டை செய்யவில்லை. முட்டையைக் குத்தித் தின்றது. பிறகு பக்கத்து முட்டை. பிறகு ஒரு குஞ்சு. அந்தத் தாய் ஆலா திரும்பி வந்து ஒன்றுமில்லாத மணலில் மறுபடியும் அடைகாக்க உட்கார்ந்தது.

நானே அவளைக் கூப்பிட்டேன். அவள் பொறுமையாகச் சொன்னாள். அந்தத் தீவுகளில் முன்பு காகமே கிடையாது. கப்பலேறி வந்ததுதான். ஆலாக்களுக்குக் காகத்தை எதிர்க்கத் தெரியாது, ஏனென்றால் பழக்கமில்லை. அவள் அலுவலகத்தார் கூண்டு வைத்துப் பிடிக்கிறார்கள், காகமோ கூண்டின் தந்திரத்தையே கற்றுக்கொண்டு தப்பிவிடுகிறது. "நாங்கள் இந்தப் பக்கம் பிடித்துக்கொண்டே இருக்கிறோம், நீங்கள் அந்தப் பக்கம் அனுப்பிக்கொண்டே இருந்தால் என்ன செய்வது, ஆன்ட்டி?" என்றாள். தோணி திரும்பட்டும், விசாரிக்கிறேன் என்றேன்.

தோணி திரும்பி வந்ததும் தண்டலைக் கூப்பிட்டு விசாரித்தேன். காகம் எப்படி நம் தோணியை மட்டும் தேடி வருகிறது?

"வேற எப்படி? எல்லாம் நம்ம பண்டாரியாலதான்" என்றார். பண்டாரி என்றால் தோணியில் சமைப்பவர். "அவன் காக்காவுக்குச் சோறு வைக்காம ஒரு வாய் திங்க மாட்டான். சரக்கு ஏத்துத நாளெல்லாம் துறைமுகத்துல வைக்கான். அது தோணியையே வீடுன்னு நெனச்சுருது. கிளம்பினா கூடவே வந்துருது. நடுக்கடல்லயும் வைக்கான். மாலேயில தோணியைக் கட்டுன பெறவு அது கரைக்குப் பறந்து போயிருது. ஆளை மாத்திருவோம் அக்கா. எனக்கும் மனசு இல்லைதான். ஆனா தோணி நிக்கணும்லா."

பண்டாரியை மாற்றுவதா? அவர் விளாத்திகுளம் பக்கத்துக்காரர். கடலே தெரியாத கரிசல் காட்டிலிருந்து வந்து, என் வீட்டுக்காரர் காலத்திலிருந்து எங்கள் தோணியின் குசினியில் நிற்கிறார். அலையில் தோணி சாய்ந்தாலும் அவர் குழம்பு சிந்தாது. வேறு தோணிகளிலிருந்து ஆட்கள் எங்கள் தோணிக்கு வரக் கேட்பதே அந்தச் சாப்பாட்டுக்காகத்தான். பிள்ளைகள் கிடையாது. மனைவியும் சில வருடங்களுக்கு முன் இறந்துவிட்டார். தோணியை விட்டால் அவருக்குப் போக்கிடம் இல்லை.

வீட்டுக்கு வரச் சொன்னேன். வந்தார், உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. தண்டல் ஏற்கெனவே சொல்லியிருப்பார் போல, முகம் சுண்டியிருந்தது.

"தம்பி, இனி தோணியில காக்காவுக்குச் சோறு வைக்கக் கூடாது."

"அது முடியாதுக்கா."

"முடியாதுன்னா உன்னை எறக்கி விடணும்னு தண்டல் சொல்லுதாரு."

"எறக்கி விட்டுருங்க" என்றார். அவருடைய கண் கலங்கிவிட்டது. "என் வீட்டுக்காரி பசியோட நிக்கா, நான் எப்படித் திங்க? அவ இருந்த வரைக்கும் எனக்குப் போட்டுட்டுத்தான் தின்னா. இப்ப நான் அவளுக்குப் போட்டுட்டுத் திங்கேன். இதுல என்ன தப்பு?"

அந்த வீடியோவைக் காட்டினேன். முழுவதும் பார்த்தார். "பாவந்தான்" என்றார். "ஆனா என் பொஞ்சாதி அப்படிச் செய்ய மாட்டா." தலையில் அடித்துக்கொண்டேன். கோபத்தில் எழுந்து குசினிக்குப் போனேன், தண்ணீர் குடித்தேன், திரும்பி வந்தேன். வரும்போதுதான் எனக்கு அது தோன்றியது.

"ஏலே, ஒண்ணு கேக்கேன். உன் பொஞ்சாதி உயிரோட இருந்தப்ப ஒரு தடவையாவது தோணியில ஏறியிருக்காளா?"

"அவளா!" அழுத முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு தடவை துறைமுகத்துக்குக் கூட்டிட்டு வந்தேன். கட்டிப் போட்ட தோணி ஆடுததைப் பாத்தே வாந்தி எடுத்துட்டா. அவளுக்குக் கடலே ஆகாதுக்கா."

"பெறவு இப்ப மட்டும் ஏம்லே அவளைப் பாய்மரத்து உச்சியில உக்கார வச்சு மாலே வரைக்கும் இழுத்துட்டுப் போற?"

இப்போது அவராகவே உட்கார்ந்தார். "சேச்சே, என்ன காரியம் செஞ்சுருக்கேன்" என்று தன் நெற்றியிலேயே தட்டிக்கொண்டார். "மூணு நாளு, நாலு நாளு அந்த ஆட்டத்துல... அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அடக்கிக்கொண்டு சொன்னேன்: "அவ தரையில இருக்கட்டும். என் வீட்டு மாடிக்கு வரட்டும். நீ கடல்ல இருக்கப்ப நான் சோறு வைக்கேன்."

அவர் நம்பாமல் பார்த்தார். "நீங்களா? உங்க சாமியார் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"அவருகிட்ட நான் பேசிக்கிடுதேன்." பேசினேன். பங்குச் சாமியார் சிரித்துவிட்டு, "உங்க வீட்டு மீன் குழம்பு வாசத்துக்கு நானே மாடிக்கு வரலாம்னு இருக்கேன்" என்றார்.

பண்டாரி நிபந்தனைகள் போட்டார். சோறு சூடாக இருக்கணும். மீன் குழம்பு படக் கூடாது, பருப்பும் நெய்யும்தான். கையால் வைத்துக் கூப்பிடணும். அது வாய் வைக்கும் வரை நானும் சாப்பிடக் கூடாது. "எனக்குச் சுகர் இருக்குலே" என்றேன். "ஒரு நிமிசத்துல வந்துருவாக்கா" என்றார். கோயில் மணிக்கு நான் வைக்க வேண்டும், அதே நேரத்தில் அவர் அங்கே சாப்பிடுவார். மாலத்தீவில் கடிகாரம் நமக்கு அரை மணி பின்னால் ஓடும். குசினிக் கடிகாரத்தை மாற்றவே மாட்டேன், நம்ம ஊர் நேரத்திலேயே வைத்திருப்பேன் என்றார். கடைசியாக, "அப்பளம் ஒண்ணு நொறுக்கிப் போடுங்க, அவளுக்கு உசிரு" என்றார். போதும் போதும், விருந்தா வைக்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

தோணி கட்டிக் கிடந்த மாதங்களில் அவர் தினமும் எங்கள் மாடிக்கு வந்து சோறு வைத்தார். துறைமுகத்துக் காகங்கள் மெல்ல மெல்ல இந்தப் பக்கம் திரும்பின. பாய்மரத்தில் ஒரு கூடு இருந்தது. கம்பியும் குச்சியுமாகக் கட்டியது. குஞ்சுகள் பறந்து போகும் வரை விட்டுவைத்து, பிறகு எடுத்தோம். இதற்கிடையில் அந்தப் பெண்ணின் அலுவலகத்தாரும் நம் ஊர் அதிகாரிகளும் கணினியில் முகம் பார்த்து ஒரு கூட்டம் போட்டார்கள். தோணிக்காரர்கள் சார்பில் என்னையும் உட்கார வைத்தார்கள். இரண்டு பக்கமும் பெரிய பெரிய வார்த்தைகளாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "கிளம்புறதுக்கு முன்னாடி இங்க ஒருத்தர் ஏறிப் பாருங்க. போய்ச் சேர்ந்ததும் அங்க ஒருத்தர் ஏறிப் பாருங்க. ரெண்டு பேரும் போட்டோ அனுப்பிக்கிடுங்க. இதுக்கு எதுக்கு இவ்வளவு நேரம்?" என்றேன். அந்தப் பெண் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது தெரிந்தது. கடைசியில் அதைத்தான் முடிவு செய்தார்கள்.

காற்று அடங்கி, தோணி கிளம்பியது. கிளம்பும்போது நம் ஊர் அதிகாரி ஒருவர் ஏறிப் பார்த்து, வெறும் பாய்மரத்தைப் படம் எடுத்து அனுப்பினார். தண்டல் என்னிடம் தனியாகச் சொன்னார்: "அக்கா, இந்தத் தடவை ஒரு காக்கா தெரிஞ்சாலும் தோணியும் போச்சு, பண்டாரியும் போனான்." அது எனக்குத் தெரியாதா? சுத்தமான பாய்மரத்தைப் பார்த்துக்கொண்டே வீடு வந்தேன்.

முதல் நாள் மணி அடித்தது. சோற்றை வைத்துக் கூப்பிட்டேன். ஒரு காகமும் வரவில்லை. மதில்களிலெல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன, என்னைப் பார்க்கின்றன, இறங்கவில்லை. இத்தனை வருடம் 'சூ' என்று விரட்டியதை மறக்குமா? வெயில் மண்டையைப் பிளக்கிறது. பசி வேறு. சுகர் இறங்குவது எனக்கே தெரிந்தது. அக்கா அடுத்த மாடியிலிருந்து, "ஏளா, மாத்திரை போடணும், சாப்புடுளா. கடல்ல இருக்கவனுக்கு என்ன தெரியவா போகுது?" என்றாள்.

அவருக்குத் தெரியாதுதான். ஆனால் அந்த நேரத்தில் நடுக்கடலில் ஒருவர் என் வார்த்தையை நம்பித் தட்டில் கை வைத்திருப்பார். அதை நினைத்தால் சோறு எப்படி இறங்கும்? ஒரு டம்ளர் மோர் மட்டும் குடித்துவிட்டு நின்றேன். வெகுநேரம் கழித்து ஒன்று வந்து, ஒரு பருக்கையைக் கொத்திவிட்டு ஓடியது. சரி, கணக்கில் வந்தது என்று கீழே இறங்கினேன்.

மறுநாளும் இதே கூத்து. அப்போதுதான் அப்பளம் ஞாபகம் வந்தது. அடச்சே, அந்த மனுசன் சொன்னதில் அதை மட்டும்தானே விட்டேன்! ஓடிப்போய் ஒன்று பொரித்து, நொறுக்கித் தூவினேன். நான் இரண்டடி தள்ளி நிற்பதற்குள் ஒரு காகம் இறங்கி வந்துவிட்டது. சோற்றைத் தள்ளிவிட்டு அப்பளத்தை எடுத்தது. பின்னாலேயே மற்றவை வந்தன. அன்று முதல் நானும் நேரத்துக்குச் சாப்பிட்டேன்.

தோணி போய்ச் சேர வேண்டிய நாள் வந்தது. காலையிலிருந்து போனைக் கையை விட்டு வைக்கவில்லை. பத்து மணி தாண்டி அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு படம் வந்தது. எங்கள் தோணி, மாலே துறைமுக வாசலில். பாய்மரத்து உச்சியில் ஒரு காகம்.

அவளைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. தண்டலைக் கூப்பிட்டேன், தொடர்பு இல்லை. மாதாவே, இவ்வளவு பாடுபட்டும் எங்கிருந்து வந்து உட்கார்ந்தாய் நீ! தோணியை விட, பண்டாரியின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. இறங்கு என்று நான் எப்படிச் சொல்வேன்? எப்படிச் சொன்னாலும் அவர் மறுபேச்சுப் பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

மணி அடித்தது. என்ன நடந்தாலும் நடக்கட்டும், வைக்க வேண்டியதை வைக்க வேண்டும். சோறு, பருப்பு, நெய், அப்பளம் எல்லாம் எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். வைத்துவிட்டு நிமிரும்போது வீடியோ அழைப்பு வந்தது. அந்தப் பெண்.

"ஆன்ட்டி, பயந்துட்டீங்களா? சாரி. படம் அனுப்பிட்டு நானே தோணியில் ஏறிட்டேன், போன் பையில இருந்தது."

"அந்தக் காக்கா...?"

"எனக்கும் சந்தேகம். உங்க ஊரிலிருந்து வந்ததா, எங்க கரையிலிருந்து வந்து உட்கார்ந்ததா? போன தடவை உங்க பண்டாரியைப் பார்த்ததும் காகம் தட்டுப் பக்கத்தில் இறங்கி வந்தது எனக்கு ஞாபகம் இருந்தது. அதனால அவரைத் தட்டோடு வெளியே வரச் சொன்னேன். அவர் வந்தார். காகம் அவரை யாரென்றே தெரியாத மாதிரி பார்த்துட்டு, பயந்து எங்க கரைக்கே பறந்து போயிடுச்சு." அவள் சிரித்தாள். "அது எங்க காகம், ஆன்ட்டி. இனி அதைப் பிடிக்கிறது என் தலைவலி. உங்க தோணி உள்ளே வந்தாச்சு."

"நீ நல்லா இருப்ப, தாயே" என்றேன்.

"ஒரு விஷயம் கேட்கணும். இவர் தட்டில் சோறு போட்டு வச்சுட்டுச் சாப்பிடாமல் கடிகாரத்தையே பார்த்துட்டு இருக்கார். ஏன்னு கேட்டால் உங்களைக் கேட்கச் சொல்றார்."

சொன்னேன். கடலே ஆகாத ஒரு பெண்ணைப் பற்றியும், என் மாடியைப் பற்றியும் சொன்னேன். அவள் தினமும் காகம் பிடிக்கிறவள். ஆனாலும், "ஆன்ட்டி, போனைக் காகத்துப் பக்கம் திருப்புங்க" என்றாள். அங்கே அவளும் போனைத் திருப்பினாள். குசினியில் தட்டுக்கு முன்னால் பண்டாரி உட்கார்ந்திருந்தார். நான் என் போனைச் சோற்றுப் பக்கம் காட்டினேன். ஒரு காகம் மதிலிலிருந்து இறங்கியது, தலையைச் சாய்த்துப் பார்த்தது, சோற்றை விட்டுவிட்டு அப்பளத்தைக் கவ்வியது.

"அப்பளத்தைத்தான் மொதல்ல எடுக்கா" என்றார் பண்டாரி. குரல் உடைந்திருந்தது. "பாத்தீங்களாக்கா? அவளேதான்."

"எல்லாக் காக்காவும் அப்பளத்தைத்தாம்லே எடுக்கும்" என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

போனுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் குரல், தனக்குத் தெரிந்த தமிழில், மெதுவாகக் கேட்டது: "அவங்க அங்க சுகமா இருக்கட்டும். இங்க வர வேண்டா."

"வர மாட்டாம்மா" என்றார் பண்டாரி. "அவளுக்குக் கடல் ஆகாது." பிறகு என்னைப் பார்த்து, "நீங்க கீழ போங்கக்கா, மாத்திரை போடணும்லா. நானும் சாப்பிடுதேன்" என்று சோற்றில் கை வைத்தார்.

நான் கீழே இறங்கினேன். தட்டில் சோறும் மீன் குழம்பும் போட்டுக்கொண்டேன். பொரித்ததில் ஓர் அப்பளம் மிச்சம் இருந்தது, அதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.